இடது கண்ணில் நான்கு கட்டங்கள்

ஜனவரி 8, திங்கள்

நேற்று மகள் அக்போத்தாவுக்குப் பதினைந்து வயது. கேக்கில் மெழுகுவர்த்திகள். லைட்டரோடு வந்த மைத்துனர் செரிக்பாயைக் கைநீட்டித் தடுத்து, "அதை உள்ளே வைங்க மச்சான், இன்னைக்கு விஞ்ஞானம் கொளுத்தும்" என்று சொன்னவன் நான்தான். வேறு யாருமில்லை.

நானே செய்த லேசர், கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் வந்திருந்த பதினோரு பேரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவைத்தேன். நான் மட்டும் ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் டார்ச்சு மாதிரி இருக்கும் என் கைவண்ணத்தை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். திரி புகைந்தது. கொஞ்சம் கறுத்தது. பிறகு ஒளி சோர்ந்துபோய், இரண்டு முறை சிமிட்டி, அணைந்தது.

"ஆச்சா?" என்றார் செரிக்பாய், சுவரில் தொங்கிய கம்பளத்திடம்.

"இன்னும் கொஞ்சம்."

"மாப்பிள்ளை, கழுத்து வலிக்குது. போலீசு பிடிச்சு நிறுத்துன மாதிரி இருக்கு."

கடைசியில் அவர் லைட்டர்தான் கொளுத்தியது. எல்லாரும் கைதட்டினார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 10, புதன்

புரியவில்லை. பால்கனியில் சோதித்தபோது ஐந்து நிமிடம் விடாமல் எரிந்ததே. பத்து தடவை சோதித்தேனே. வீட்டுக்குள் வந்ததும் நாற்பது விநாடியில் ஏன் செத்தது? விருந்தாளி கூச்சமா அதற்கு?

இரவு உணவில் புலம்பினேன். அப்பாவைக் கோக்கே என்று கூப்பிடும் அக்போத்தா சூப்பிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: "கோக்கே, பால்கனியில எத்தனை டிகிரி?"

"மைனஸ் பன்னிரண்டு."

"இங்க?"

மகள் அப்பனைத் திருத்துவதில் தவறில்லை, ஆனால் சூப் குடித்துக்கொண்டே திருத்துவது கொஞ்சம் அதிகம்.

ஆக, என் கருவியைக் குளிர்வித்தது நான் இல்லை. அல்மாத்தியின் ஜனவரி. நான் பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 14, ஞாயிறு

பழைய சாமான் சந்தைக்குப் போய் அப்லிகிமைப் பார்த்தேன். ரேடியோ, மின்பலகை, கம்பி என்று ஒரு மேசை முழுக்க விரித்து வைத்திருப்பவன். உய்குர்க்காரன், வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கவைத்தவனே அவன்தான். என் மனைவி ரைகான் சமைக்கிற பள்ளிக்கூடத்தில் டிசம்பரில் ஒரு செத்த புரொஜெக்டரை வீசினார்கள். உதிரி பாகத்துக்கு விற்கலாம் என்று அதை அவனிடம் கொண்டுபோனேன். "விக்காதே. உள்ளே இருபத்திநாலு நீல லேசர்க் கண்ணு இருக்கு, பட்டாணி சைசுல. ஒண்ணை எடுத்து எரிச்சுப் பாரு, அப்புறம் விக்கிறியான்னு சொல்லு" என்றான். எரித்துப் பார்த்தேன். விற்கவில்லை.

இன்று என் கருவியைக் கழற்றினான். சிரித்தான். விதைத் தோல் என் மேல் பட்டது.

"இது என்ன, டேப்பா?"

"டார்ச்சுக் குழாய்க்குள்ள ஆடிச்சு. இறுக்கமா இருக்கட்டும்னு சுத்தினேன்."

"சூட்டை வெளியே அனுப்பணும்யா. நீ அதுக்குக் கம்பளி போர்த்தித் தூங்க வெச்சிருக்கே. செம்புக் கட்டி போடு. கட்டி குழாயை முழுசாத் தொடணும், முடி நுழையற சந்து கூட இருக்கப்படாது. அங்கே சூடு கடத்தற பசை. அதுவும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவற மாதிரி இல்லே, ஏழை தடவற மாதிரி."

செம்புத் துண்டு வாங்கினேன். நான் வேலை பார்க்கும் டிராலிபஸ் பணிமனையில் கடைசல்காரர் ஒருவர் எனக்கு ஒரு உதவி கடன்பட்டிருக்கிறார்.

ஜனவரி 20, சனி

லேசர்க் கண்ணுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சுற்றுக்கும் டிரைவர் என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாக டிராலிபஸ் ஓட்டுகிற எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. வேலையும் ஒன்றுதான்: மேலே கம்பியில் என்ன வந்தாலும் உள்ளே இருப்பவரைக் குலுக்கக் கூடாது. பேட்டரி முழுசாக இருந்தாலும் இறங்கிப்போயிருந்தாலும், கண்ணுக்குப் போகிற மின்னோட்டம் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நானே பற்றவைத்தேன். மூன்று கால் சில்லு ஒன்று, மின்தடை இரண்டு, மின்தேக்கி ஒன்று. உண்மையான கண்ணை மாட்டுமுன் அதன் இடத்தில் சாதாரண டயோடுகளை வரிசையாக மாட்டி, பொய்க்கண்ணாக வைத்து அளந்தேன். சரியாக வந்தது. மகிழ்ச்சியில் பொய்யைக் கழற்றி மெய்யை மாட்டினேன். பட்! மின்தேக்கி வயிற்றில் மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் அதற்குள் கொட்டிவிட்டது. முதலில் அதன் இரு காலையும் தொடவைத்துக் காலி பண்ண வேண்டுமாம். அப்லிகிம் போனில் சொன்னான், பிறகு.

இதுவரை செத்தவை: ஐந்து. மீதி: பத்தொன்பது.

ஜனவரி 27, சனி

வென்றேன்! சமையலறை, இருபத்திநான்கு டிகிரி, ஆறு நிமிடம், அணையவில்லை. குழாயின் மேல் நாற்பத்து மூன்று டிகிரி. சூடு கண்ணிலிருந்து செம்புக்கு, செம்பிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து என் உள்ளங்கைக்கு வந்து சேர்வதைக் கையிலேயே உணர முடிந்தது. வரிசையில் நின்று பேருந்து ஏறும் நல்ல ஜனங்கள் மாதிரி.

ரைகான் உள்ளே வந்தாள். "அது என்ன, என் இறைச்சித் தெர்மாமீட்டரா?"

"சும்மா ஒட்டித்தான் வெச்சேன்."

"குதிரைத் தொடைக்குள்ள குத்தறதை எதுக்குள்ள குத்தியிருக்கீங்க! பசை வேற. யார் தின்னுவாங்க இனிமே அதை வெச்சு வேகவெச்சதை?"

கழுவினேன். மூன்று முறை. ஆனாலும் ஆறு நிமிடம்.

ஜனவரி 28, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

ஒளியைக் கூர்மையாக்க முன்வில்லையைத் திருக வேண்டும். ஆரஞ்சுக் கண்ணாடி போட்டால் நீலம் முழுவதையும் அது விழுங்கிவிடும், சுவரில் புள்ளியே தெரியாது. தெரியாத புள்ளியை எப்படிக் கூராக்குவது? அதனால் மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு நிமிடம்தானே என்று. பால்கனியில் நான் மட்டும்தானே என்று.

நான் மட்டும் இல்லை. ரைகானின் தக்காளி ஊறுகாய்ப் பாட்டில்களும் இருந்தன, வரிசையாக, பளபளக்கும் தகர மூடிகளோடு. கை ஒரு விரற்கடை நகர்ந்தது. மூடியிலிருந்து ஒரு நீலச் சவுக்கு.

வலிக்கவே இல்லை. அதுதான் விசித்திரம். பெரிய ஊதாப் பூ ஒன்று இடது கண்ணில் நின்றது, எங்கே பார்த்தாலும் அங்கே வந்தது.

ஜனவரி 29, திங்கள்

பூ போய்விட்டது. புள்ளி இருக்கிறது.

ஜனவரி 31, புதன்

பயந்து உட்கார்ந்திருப்பதைவிட அளந்து பார்ப்பது மேல். இந்த நோட்டு கட்டம் போட்ட கணக்கு நோட்டு. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, நோட்டை முழங்கை தூரத்தில் பிடித்து, நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்தேன். புள்ளி காணோம். சுற்றிலும் ஆறு கட்டம் காணோம். அதை ஒட்டிய கோடுகள் உள்பக்கம் வளைகின்றன, யாரோ பெருவிரலால் அழுத்திய மாதிரி. எவ்வளவு நேர்த்தியாக வளைகின்றன!

ஆறு.

பிப்ரவரி 2, வெள்ளி

ஐந்து. குறைகிறது!

பிப்ரவரி 4, ஞாயிறு

அப்லிகிமிடம் சொன்னேன். உலகத்தில் அவனிடம் மட்டும். விதை மெல்வதை நிறுத்தினான். அவன் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"கண்ணாடியைக் கழட்டினியா?"

"புள்ளி தெரியலே."

"எல்லாக் கழுதையும் அதைத்தான் சொல்லுது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு போன் கேமரா வழியாப் பார்த்திருக்கலாமே. கேமரா கண்ணு போனா நூறு கடையில கிடைக்கும். உன் கண்ணு எந்தக் கடையில கிடைக்கும்?" விதைப் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டே, "நான் ஏன் இதை முதல்லயே சொல்லலே..." என்றான், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, "டாக்டரைப் பாரு ஒரஸ்பாய். நாளைக்கே."

சரி என்றேன்.

டாக்டரைப் பார்த்தால் எழுதுவார். எழுதினால் பணிமனைக்குப் போகும். போனால் ஸ்டீயரிங் போகும். ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று... காத்திருந்தால் தானே போய்விடப்போகிறதை எதற்கு எழுதிக்கொடுப்பது?

பிப்ரவரி 6, செவ்வாய்

நான்கு.

பிப்ரவரி 9, வெள்ளி

அபாய் நிழற்சாலை நிறுத்தத்தில் சிவப்பு விளக்கு. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆவலை அடக்க முடியவில்லை, வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் விளக்கை நேராகப் பார்த்தேன்.

கம்பம் இருந்தது. மஞ்சள், பச்சைக் கூடுகள் இருந்தன. பனி இருந்தது. சிவப்பு இல்லை.

கையை எடுத்தேன். வந்துவிட்டது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு குறையும் இல்லை. ஒரு குறையும் இல்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன் போல. பின்னால் அடுத்த வண்டியை ஓட்டி வந்த தோஸ்கெய் கடைசி நிறுத்தத்தில் இறங்கி வந்து, என் பெயரை மரியாதையாகச் சுருக்கி, "ஒரெக்கே, இன்னைக்கு முட்டை லோடு ஏத்தியிருந்தீங்களா?" என்று கேட்டான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பணிமனைப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர்கள் எல்லாருக்கும் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. என் பெயருக்கு நேரே மார்ச் 5.

இருபத்தொரு நாள். கட்டம் இன்னும் நான்கு.

பிப்ரவரி 14, புதன்

தோஸ்கெய் கண்டுபிடித்துவிட்டான். அந்தப் பலகை முன் நான் நின்ற நிற்பைப் பார்த்திருப்பான். டீ இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கண்ணு கோளாறா, ரத்த அழுத்தமா?"

"கண்ணு."

"ப்பூ! ரத்த அழுத்தம்னாதான் கஷ்டம்." போனை நீட்டினான். கண் டாக்டர் அறையில் தொங்கும் ருஷ்ய எழுத்து அட்டையின் படம். "நம்ம டிப்போவில இதைத் தெரியாதவன் புதுசா வந்தவன் மட்டும்தான். முதல் ரெண்டு வரி நாட்டுல பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஷா, பே. எம், என், கா. ஆறாவது வரி வரைக்கும் உருப்போட்டுடுங்க, போதும். எனக்கே வலது கண்ணு பாதிதான். எட்டு வருஷமா ஓட்டலே?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. எட்டு வருடமாக அவன் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். தூக்கம் வராத அளவுக்கு விசித்திரம்.

படுக்கையறையில் பூப்போட்ட சுவர்த்தாள். அதில் என் கோட்டுப் பொத்தானை, கறுப்புப் பொத்தானை, ஒட்டினேன். வலது கண்ணைப் பொத்தி, பொத்தானை நேராகப் பார்த்தேன். மறைந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த இடத்தில் ஓட்டை தெரியவில்லை. கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒன்றும் தெரியவில்லை. அங்கே பூ தெரிந்தது! சுற்றியிருக்கிற அதே மஞ்சள் பூ, இலையோடு, காம்போடு. பொத்தானே இல்லாத சுவர்.

கண் ஓட்டையைக் காட்டவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து இங்கேயும் அதுதான் இருக்கும் என்று ஒப்பிக்கிறது. பாடம் படிக்காத பையன் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதுவது மாதிரி. அதுவும் எவ்வளவு அழகான கையெழுத்தில்!

பத்து தடவை செய்தேன். பொத்தான், நாணயம், கடைசியில் என் கட்டைவிரல். கட்டைவிரல் நுனி போய்ப் பூ வந்தது. ஓட்டை என்றால் மன்னித்துவிடலாம். இது என்னிடம் பொய் சொல்கிறது, நான் நம்பவும் செய்கிறேன்.

அன்று சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் எனக்கு என்ன தெரிந்தது? வானம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல, காலியான வானம்.

பிப்ரவரி 21, புதன்

நான்கு.

பிப்ரவரி 24, சனி

நான்கு. நோட்டைத் திருப்பிப் பிடித்தாலும், ஜன்னலருகே பிடித்தாலும், நான்கு.

ரைகான் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "நாலு வாரமா அந்த டார்ச்சைத் தொடவே இல்லியே. என்ன உடைஞ்சுது?"

"ஒரு கண்ணு போச்சு."

"இன்னும் பத்தொன்பது இருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா, இருக்கு."

உண்மையைச் சொல்லிக்கொண்டே பொய் சொல்ல முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. பால் அதிகமாகிவிட்டது. குடித்தேன்.

பிப்ரவரி 28, புதன்

ஆறு வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது. வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வரி. மீன் கழுவும்போது கூட. அக்போத்தா கதவருகில் நின்று கேட்டிருக்கிறாள்.

"அது என்ன கோக்கே, என் ஷா உய் ஈ கா பே? மந்திரமா?"

"பழைய பாட்டு."

"ராகம் நல்லால்லே." போனாள். திரும்பி வந்தாள். "கண் டாக்டர் அட்டைல ஆறாவது வரி மாதிரி இருந்துச்சு. எங்க ஸ்கூல்லயும் போன வாரம்தான் பார்த்தாங்க."

நான் மீனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அடுத்த வருஷம் நான் பதினொண்ணாம் நம்பர் வண்டிலதான் புது ஸ்கூலுக்குப் போவேன், உங்க வண்டி. ஃப்ரெண்டுகளை எல்லாம் ஏத்திக்கிட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாளா, வேறு எதற்காவது சொன்னாளா? பதினைந்து வயதுக்காரியின் முகத்தைப் படிக்க எந்த அட்டையும் இல்லை.

மார்ச் 4, திங்கள்

நாளை. நான்கு.

மார்ச் 6, புதன்

நேற்று இரவு ரைகானிடம் எல்லாம் சொன்னேன். ஊறுகாய் மூடியிலிருந்து ஆரம்பித்து. கேட்டு முடித்து, பாத்திரங்களை எல்லாம் கழுவி, துடைத்து, அடுக்கி, அதற்கப்புறம்தான் வாய் திறந்தாள்.

"விருந்துல எங்க எல்லாரையும் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினீங்களே. உங்களைத் திருப்பி நிறுத்த ஒரு ஆளு கூப்பிட்டிருக்கக் கூடாதா? நான் உள்ளேதானே இருந்தேன்?"

எழுந்து பால்கனிக்குப் போய், ஊறுகாய் மூடிகள் மேல் ஒரு பழைய துணியைப் போர்த்திவிட்டு வந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

பணிமனைப் பட்டறையில் ஏழாவது நாள். விழித்திரைக்குத் தனி டாக்டராம், படம் எடுத்துப் பார்த்தார். சின்னத் தழும்பு. இதற்கு மேல் சுருங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பெரிதாகவும் ஆகாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதுவரை பயணிகளை ஏற்றக் கூடாது.

பட்டறை மேஸ்திரி என்னை என்ன செய்வது என்று தெரியாமல், வண்டிகளின் கூரையிலிருந்து இறக்கிய மின்பெட்டிகள் பக்கம் அனுப்பினார். உள்ளே கையளவு சில்லுகள், அலுமினியத் துடுப்புகள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பாதி கருகியவை. பசையை யாரோ ரொட்டிக்குத் தடவுகிற மாதிரி தடவியிருக்கிறார்கள். சுரண்டி எடுத்து, ஏழை மாதிரி தடவினேன். இன்று மூன்றாவது பெட்டி. மேஸ்திரி தொட்டுப் பார்த்துவிட்டு, "அட, சூடே இல்லியே. எங்கேய்யா கத்துக்கிட்டே?" என்றார். பால்கனியில் என்றேன்.

பதினொன்றாம் எண் வண்டியை இப்போது தோஸ்கெய் ஓட்டுகிறான். ஓட்டினான், நேற்று வரை. இன்று காலை பட்டறைக்கு வந்து பக்கத்தில் நின்றான். வலது கண்ணுக்குக் கண்ணாடி எழுதி வாங்கியிருக்கிறானாம், வரும் வரை விடுப்பு. "உங்களாலதான் ஒரெக்கே" என்றான். திட்டுகிறானா என்று பார்த்தேன். அவனுக்கே தெரியவில்லை போல. ஒரு பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பிடித்துக்கொண்டான்.

பரிசோதனை அன்றைக்கு நடந்ததை இன்னும் இங்கே எழுதவில்லை. எழுதாமலே விட்டால் நாளாக ஆக நானே அதில் கொஞ்சம் பூப் போட்டுவிடுவேன்.

லிதியா செர்கேயெவ்னா என்ற டாக்டர். ஓய்வு வயதைத் தாண்டியவர், பதினெட்டு வருடமாக எனக்கு அவர்தான் பார்க்கிறார். "வாங்க ஒரஸ்பாய். பொண்ணு எப்படி இருக்கா? வளர்ந்துட்டாளா?" வளர்ந்துவிட்டாள் என்றேன். வலது கண் பத்தாவது வரி வரைக்கும் படித்தது. அவர் தலையசைத்துக்கொண்டே எழுதினார். வெளியே வரிசையில் தோஸ்கெய் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

பிறகு வலது கண்ணைப் பொத்தச் சொன்னார். முதல் வரி. இரண்டாவது. பெரிய எழுத்துகள், ஓரமாகப் பார்த்தாலே தெரியும். மூன்று, நான்கு, ஐந்து, தடுமாறித்தான் என்றாலும் பார்த்துத்தான் சொன்னேன், சத்தியமாக. ஆறாவது வரியில் குச்சியைக் கடைசி எழுத்துக்குக் கீழே வைத்தார். குச்சி தெரிந்தது. அதன் மேலே வெள்ளை. சுத்தமான, மழமழப்பான வெள்ளைத்தாள், அங்கே என்றைக்கும் எதுவுமே அச்சடிக்காத மாதிரி.

"சொல்லுங்க" என்றார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பேனாவைத் தாளில் தயாராக வைத்திருந்தார்.

அது பே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உதடுகள் இரண்டும் அதைச் சொல்ல ஏற்கனவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அப்படியே வைத்துக்கொண்டேன்.